ஏழாம் நம்பர் சீட்டும் ஒரு கிண்ணச் சந்தனமும்

என் அக்கா புருஷன் சுப்பராயலு பொய் சொல்வதில் பெரிய கெட்டிக்காரர். பெண் பார்க்க வந்தபோது ஒரு புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கல்யாணம் முடிந்து மறு வாரமே வண்டியைக் காணோம். "வண்டி எங்க மாப்ள?" என்று என் அப்பா கேட்டார். "சர்வீசுக்கு உட்ருக்கேன் மாமா" என்றார். அந்த வண்டி மூன்று வருஷம் சர்வீசிலேயே இருந்தது. அப்பாவும் விடாமல் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், இவரும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் மெஷின் விஷயத்தில் மட்டும் அவர் வாயில் பொய் வராது. கடலூர் முதுநகரில் பிறந்து, பாலிடெக்னிக்கில் படித்து, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர். வேறு ஆளாக இருந்தால் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்திருந்து, என்னென்னவோ பேர் சொல்லுவான். இவர், "பிளக் கழண்டிருந்துது, சொருகிட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் 2008 தீபாவளி சமயத்தில் அவர் வேலை போகப் பார்த்தது. அதற்குப் பாதிக் காரணம் நான். பாதி என்பதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகைதான்.

அப்போது அவர் பார்வதம் டிராவல்சில் வேலை பார்த்தார். முதலாளி பட்டாபி சார். சிதம்பரம் மேல வீதியில் தலைமை ஆபீஸ், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கிளை ஆபீஸ், சென்னைக்கு ஓடும் நாலு பஸ். கம்பெனிக்குத் தன் மனைவி பேரையே வைத்திருந்தார். எந்தக் கிளையில் டிக்கெட் போட்டாலும் அந்தச் சேதி சிதம்பரத்தில் உள்ள பெரிய கம்ப்யூட்டருக்கு லைன் வழியாக வர வேண்டும். அது சீட்டைக் குறித்துக்கொண்டு மற்ற ஆபீசுக்குச் சொல்லும். இந்த ஏற்பாடு முழுவதையும் 2004இல் மாமாதான் செய்தார். தினமும் கடலூர் ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் போடுவதும் அவரே, லைனைக் கவனிப்பதும் அவரே.

அவர் சிபாரிசில்தான் நானும் அந்த செப்டம்பரில் சிதம்பரம் ஆபீசில் சேர்ந்தேன். கொளஞ்சி என்றால் ஆபீசைப் பெருக்குவது முதல் டிக்கெட் கிழிப்பது வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறவன் என்று அர்த்தம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதன் மேல் டீ டம்ளர் வைக்கக் கூடாது என்பதுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் எட்டாம் தேதி. அதற்கு முந்தின நாள் மத்தியானம் மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டில் இருந்த இசைவாணி அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. பூஜை ஏற்பாட்டுக்காகச் சிதம்பரம் வந்திருந்த மாமா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினார். போகும்போது என்னிடம் என்னவோ சொல்ல வாய் எடுத்தார், அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டு ஆபீசுக்கு வந்தேன். சந்தோஷத்தில் இருக்கிறவன் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

பார்வதம் மாமி தன் கையால் அரைத்த சந்தனம். பெரிய வெண்கலக் கிண்ணம் நிறையக் கொடுத்தார். "கொளஞ்சி, தாராளமா வை. எல்லா சீட்டையும் ரொப்பறது இதுதானே" என்று பெரிய கம்ப்யூட்டரைக் காட்டினார். நான் தாராளமாகவே வைத்தேன். டப்பாவின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. வழவழப்பான இடத்தில் நிற்காமல் வழிந்த சந்தனம் ஓட்டைகள் இருந்த இடத்தில் ஜம்மென்று பிடித்துக்கொண்டது. ஐந்து விரலாலும் அழுத்தி அழுத்தி அப்பினேன். பின்னால் கம்பி வலை மாதிரி இருந்த இடத்தில் விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். சாமந்தி மாலையும் சாத்தினேன். பட்டாபி சார் கற்பூரம் காட்டிவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்று பார்த்தார்.

"சுப்பராயலுகூட இத்தனை நாளா இவ்வளவு அழகா வெச்சதில்லைடா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டாபி சாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பூஜையில் வைத்த சந்தனத்தை யாரும் துடைக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும். துடைத்தால் லட்சுமியைத் துடைத்த மாதிரி. தினமும் காலையில் வந்து சந்தனம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

மூன்றாம் நாள் தொல்லை ஆரம்பித்தது. கடலூரில் போட்ட டிக்கெட் சிதம்பரத்துக்கு உடனே வந்து சேரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று தாமதம். அதற்குள் அதே சீட்டை இங்கே நாங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம். பதின்மூன்றாம் தேதி காலை ஆறு மணி வண்டியில் ஏழாம் நம்பர் சீட்டில் சிதம்பரத்திலிருந்தே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி தங்கராசு உட்கார்ந்து வந்தார். கடலூரில் ஏறிய ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் லூர்துசாமியிடமும் ஏழாம் நம்பர் டிக்கெட்.

"எழுந்திருங்க" என்றார் லூர்துசாமி. "முப்பத்தாறு வருஷம் சர்வீஸ்ல நான் சொல்லி எழுந்திருக்காத ஆளு கெடையாது."

"நான் பள்ளிக்கூடம் போனதே இல்ல சார்" என்றார் தங்கராசு, கண்ணைத் திறக்காமல்.

திண்டிவனம் வரை லூர்துசாமி நின்றுகொண்டு வந்தார். அங்கே தங்கராசுவின் மனசு இளகி, உடம்பைச் சுருக்கிக் கால்வாசி சீட்டு கொடுத்தாராம். ஹெட்மாஸ்டர் வீட்டுக்குத் திரும்பி, மார்ஜின் விட்டு நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் விளம்பர நோட்டீசில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளையும் அதிலேயே திருத்தியிருந்தார்.

அந்த வாரம் மட்டும் இப்படி ஒன்பது சண்டை. பரங்கிப்பேட்டையிலிருந்து ஏறிய ஒருவர், துபாய்க்குப் பிளைட் பிடிக்கப் போனவர், டிரைவர் பக்கத்தில் என்ஜின் மேல் உட்கார்ந்து சென்னை போய்ச் சேர்ந்தார். பட்டாபி சார் போனை எடுத்து, குழந்தையைப் பார்த்துவிட்டுக் கடலூர் திரும்பியிருந்த மாமாவைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

"லைன் உன் பொறுப்பு. நீ தூங்கறே, அங்கே என் மானம் போறது."

"லைன்ல தப்பில்ல சார். நேத்துகூட செக் பண்ணேன்" என்றார் மாமா.

"அப்போ சேதி ஏன் வரலை? காத்துல கரைஞ்சு போச்சா? தீபாவளி ரஷ்ஷைத் தாங்கற லைன் போடத் தெரியலைன்னா சொல்லிடு. மெட்ராஸ் கம்பெனிக்காரன் வாசல்ல நிக்கறான். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ஆபீஸ் சாவியை வெச்சுட்டுப் போயிண்டே இரு."

இதெல்லாம் என் காது படத்தான் நடந்தது. அக்கா பச்சைக் குழந்தையோடு மங்கலம்பேட்டையில் படுத்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாமாவுக்கோ வேலை போவதைவிட வேறொன்றுதான் அதிகமாக வலித்தது. நாலு வருஷமாக அவர் போட்டு வைத்த லைன் அது. அதில் தப்பில்லை என்று அவர் சொன்ன வார்த்தையை ஆபீசில் ஒரு ஆள்கூட நம்பவில்லை. நானும் நம்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேபிளை மாற்றினார். மோடத்தை மாற்றினார். கம்பத்தில் ஆளை ஏற்றி ஜாயின்ட்டைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் மாறவில்லை. சனிக்கிழமை காலை எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், ஒரு விஷயம் இடிக்குது. கடலூரும் லேட்டு, பரங்கிப்பேட்டையும் லேட்டு. ரெண்டும் வேற வேற லைனு. ரெண்டும் ஒண்ணா கெட்டுப் போவுமா? ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது உன் எதிர்ல இருக்கற பொட்டிதான். நான் சொல்றத எழுத்து எழுத்தா அடி."

கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் திரையில் மூன்று எண்கள் ஓட ஆரம்பித்தன. முதலாவது, லைன் வழியாக இந்த மெஷினின் வாசலுக்கு வந்து சேர்ந்த சேதிகள். இரண்டாவது, அவற்றில் டிக்கெட் புரோகிராம் உள்ளே எடுத்துக்கொண்டவை. மூன்றாவது, வாங்கி வைக்க மெஷினிடம் இன்னும் எவ்வளவு இடம் பாக்கி என்பது. இந்த மூன்றாவது எண்ணை மெஷின் தானாகவே ஒவ்வொரு பதிலிலும் கடலூருக்குச் சொல்லி அனுப்பும்.

"இப்ப இருநூறு டிக்கெட் அனுப்பறேன்" என்றார் மாமா. எல்லா டிக்கெட்டும் 2030ஆம் வருஷத்துப் பஸ்ஸுக்கு. பயணி பெயர் பட்டாபி, வயது ஐந்து. அந்த நெருக்கடியிலும் அவருக்குக் கொழுப்பு அடங்கவில்லை.

நான் வாசித்துக்கொண்டே வந்தேன். "வந்தது நூறு மாமா. எடுத்தது நாப்பது. இடம் கொறஞ்சிகிட்டே வருது. வந்தது நூத்தி நாப்பது. எடுத்தது அறுபத்தி மூணு. இடம் பூஜ்யம்."

"பூஜ்யமா?"

"பூஜ்யம் மாமா. இன்னமும் பூஜ்யம்தான்."

மாமா மெதுவாகப் பேசினார்.

"இங்கேருந்து போனது சரியா நூத்தி நாப்பது. அங்க வந்ததும் நூத்தி நாப்பது. வழியில ஒண்ணுகூட தொலையல. மீதி அறுபது ஏன் இங்கியே நிக்குது தெரியுமா? அங்கேருந்து வேணாம், அனுப்பாதன்னு சொல்றான். கல்யாணப் பந்தியில சோத்து வாளியோட ஆளு எதுக்க நிக்கறான். சாப்புடறவன் மென்னு முழுங்க முடியாம இலை மேல கைய வச்சி மறைச்சிகிட்டு இருக்கான். பரிமாறுறவன் மேல என்னா தப்பு? லைன்ல தப்பில்ல மச்சான். வாங்கற எடத்துலதான் நெரிசல்."

அவர் குரல் உடைந்திருந்தது. அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, எல்லா எண்களையும் ஒரு வெள்ளைத்தாளில் மணி நிமிஷத்தோடு எழுதிக்கொண்டு, பதினொரு மணிக்கெல்லாம் சிதம்பரம் வந்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் டப்பா மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். தோசைக்கல் மாதிரி கொதித்தது. குனிந்து பக்கவாட்டைப் பார்த்தார். காய்ந்து இறுகிப்போன சந்தனத்தில் என் ஐந்து விரல் அடையாளமும் ரேகையோடு பதிந்திருந்தது. பின்னால் விபூதிப் பட்டை. உள்ளே பேன் இறக்கையில் சாமந்தி இதழ்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"எவ்ளோ வச்ச?" என்று கேட்டார்.

"ஒரு கிண்ணம் மாமா."

"முழுசுமா?"

"மாமி தாராளமா வைக்கச் சொன்னாங்க."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் விளக்கமாகச் சொன்னார். மெஷின் மூச்சு விடுவது அந்த ஓட்டைகள் வழியாகத்தான். அதை அடைத்துவிட்டால் சூடு ஜாஸ்தியாகும். சூடு ஜாஸ்தியானால் கருகிப் போகாமல் இருக்க மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் வருகிற சேதியை எடுத்து வைக்க முடியாது. இத்தனை நாளாக அவர் வாங்கிய வசவெல்லாம் என் ஐந்து விரலால் வந்தது.

"அப்ப முன்னாடியெல்லாம் எப்பிடி மாமா? வருசா வருசம் சந்தனம் வெக்கறதுதான?"

அவர் மேஜைக்கு அடியில் கிடந்த பழைய சீட்டுக் கவர்களை விலக்கி, இன்னொரு டப்பாவை வெளியே இழுத்தார். பார்ப்பதற்கு அச்சு அசல் இதே மாதிரி. தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. உள்ளே ஒன்றும் கிடையாது.

"நாலு வருசமா பூஜை நடக்கறது இதுக்குத்தான்" என்றார். "ஒரிஜினல மேசைக்கு அடியில தள்ளிட்டு, இத மேல வச்சிடுவேன். சந்தனம் உதிர்ற வரைக்கும் இதுதான் கொலு இருக்கும். இந்த வருசம் உங்கக்காவுக்கு வலி வந்து ஓடிட்டேன். பஸ்ல ஏறும்போது சொல்லலாம்னு பாத்தேன். அப்புறம் கொழந்தையப் பாத்த சந்தோசத்துல அடியோட மறந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து பட்டாபி சார் உள்ளே வந்தார். சுப்பராயலு வந்திருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மாமா எழுந்து நின்று வெள்ளைத்தாளை நீட்டினார். லைனில் தப்பில்லை, போனது நூற்று நாற்பது, வந்தது நூற்று நாற்பது, வாங்குகிற மெஷின்தான் எடுத்து வைக்க முடியாமல் திணறுகிறது, காரணம் சூடு என்றார். பட்டாபி சார் தாளைத் தொடக்கூட இல்லை.

"எதனால சூடாச்சு?" என்று கேட்டார்.

தூசி என்று சொல்லியிருக்கலாம். வெயில் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருஷம் மோட்டார் சைக்கிளை சர்வீசில் விட்ட மனுஷனுக்கு ஒரு பொய்யா கிடைக்காது? ஆனால் கேட்டது மெஷினைப் பற்றி. அவருக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியாது, சொன்னால் ஒரு மாச வேலைக்காரனான நான் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. சட்டைப் பையில் கைவிட்டுக் கடலூர் ஆபீஸ் சாவியை எடுத்தார். மேஜை மேல் வைக்கப் போனார்.

"நான்தான் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "நான்தான் சந்தனத்த ஓட்டையில அப்பினேன். அதான் சூடாயிட்டுது. மாமா எப்பவும் காலி டப்பாவுக்குத்தான் வெப்பாரு. எனக்குத் தெரியாது சார்."

காலி டப்பா என்ற வார்த்தையைச் சொன்ன பிறகுதான் மாமாவையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டேன் என்று புரிந்தது.

பட்டாபி சார் இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். காலி டப்பாவை ஒரு கையால் தூக்கினார். "நாலு வருஷமா நான் கற்பூரம் காமிச்சது இதுக்கா?" என்றார்.

"ஆமா சார்" என்றார் மாமா.

"அந்த நாலு வருஷமும் ஒரு கோளாறு வந்ததா?"

"இல்ல சார்."

"இந்த வருஷம் இதுக்குப் பூஜை பண்ணலை. கோளாறு வந்துடுத்து." அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "அப்படின்னா ராசியான டப்பா இதுதான். இதைப் போய் மேஜைக்கடியில போட்டு வெச்சிருக்கேளே, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா?"

மாமா வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். மெஷினைப் பற்றி ஒரு தப்பான பேச்சை அவர் திருத்தாமல் விட்ட முதல் தடவை அதுதான்.

சந்தனத்தைச் சுரண்டும்போது பட்டாபி சார் சுவரில் இருந்த நடராஜர் படத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்க்காவிட்டால் அது தானாக உதிர்ந்ததாகக் கணக்கு. அரை மணி நேரத்தில் மெஷின் ஆறியது. பரங்கிப்பேட்டையிலிருந்து மறுபடியும் இருநூறு அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். வந்தது இருநூறு, எடுத்தது இருநூறு. ஐந்து வயது பட்டாபிகள் எல்லோரும் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலை போகவில்லை. எனக்கும் போகவில்லை. ஆனால் அன்று மத்தியானமே காலி டப்பாவுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு எல்லாக் கிளைக்கும் பட்டாபி சார் போன் செய்தார். "சுப்பராயலு லைன்ல இருந்த தோஷம், டப்பாவுக்குப் பூஜை பண்ணினதும் நிவர்த்தியாயிடுத்து" என்றார். மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அன்று பார்த்த மாதிரி அதற்குமுன் பார்த்ததில்லை. சாவியைக் காப்பாற்றிக்கொண்டு பேரை இழந்த மனுஷன் முகம். வெள்ளைத்தாளை நாலாக மடித்தார். காலி டப்பாவின் மூடியைக் கழற்றி உள்ளே போட்டார், திருகாணியை முடுக்கினார்.

அதன்பிறகு அந்த டப்பாவுக்கு வந்த வாழ்வு எனக்கு வந்ததில்லை. தனி ஸ்டூல், பட்டுத் துணி, மேலே ஒரு சின்ன பேன். வேலை செய்கிற மெஷினுக்கு அப்படித் தனி பேன் கிடையாது. வருஷா வருஷம் நானே அதற்கு ஒரு கிண்ணம் சந்தனம் அப்பினேன். மாமா 2010இல் விலகி, கடலூரில் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்தார். லைனை நான் பார்த்துக்கொண்டேன்.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்தது. ஆபீஸ் கூரை ஓடு பாதி பறந்தது. தண்ணீர் கொட்டும்போது பட்டாபி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது காலி டப்பாவைத்தான். நிஜ மெஷின் அங்கேயே நனைந்து செத்தது. பொங்கலுக்கு முன்னால் டப்பாவை வெயிலில் காய வைக்கும்போது, "உள்ளே என்னமோ சரசரங்கறதே" என்றார். விபூதிப் பொட்டலம் என்று சொல்லிப் பார்த்தேன். மெஷினைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு ஒன்றும் தடை இல்லை. அவர் கேட்கவில்லை, திருகாணியைக் கழற்றச் சொன்னார்.

ஓரம் மட்டும் நனைந்த வெள்ளைத்தாள். அதை வெயிலில் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். போனது 140, வந்தது 140, எடுத்தது 63, இடம் 0. கீழே மாமாவின் கையெழுத்தில் ஒரே வரி: லைனில் தப்பில்லை.

அப்புறம் என் செல்லை வாங்கி மாமாவைக் கூப்பிட்டார்.

"சுப்பராயலு, பட்டாபி பேசறேன். லைன்ல தப்பில்லைடா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பட்டாபி சார் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் காதில் வைத்தேன். மாமா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மூணு வருசம் ஆச்சு மச்சான்" என்றார். "இப்பதான் இலை மேலேருந்து கைய எடுத்தாரு."